பயணம் முடிய மூன்று வாரம்: அவருக்குச் சுற்றணும், எனக்கு உட்காரணும்

ஜன்னலோர இருக்கை:

நானும் கணவரும் ஐந்து மாதப் பயணத்தின் கடைசியில் இருக்கிறோம். பிப்ரவரியில் துருக்கியில் தொடங்கி, ஏப்ரல் 2 ஏதென்ஸில் இறங்கி, இத்தாலி முழுக்கச் சுற்றி, இப்போது போர்த்துகலில் போர்ட்டோ. இன்று ஜூன் 11. ஜூலை 2 லிஸ்பனிலிருந்து விமானம், அதாவது ஷெங்கன் பகுதிக்குள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) சரியாக மூன்று மாதம்.

எனக்கு இனி எந்த ஊரும் மனதில் ஏறாது போலிருக்கிறது. புளோரன்ஸில் கடைசியாகப் போன தேவாலயத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், தலைக்கு மேலே இருந்த ஓவியத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருக்கு நேர் எதிர். இனி எப்போது இந்தப் பக்கம் வரப்போகிறோம் என்று மாட்ரிட், பார்சிலோனா, பாரிஸ் மூன்றையும் இந்த மூன்று வாரத்துக்குள் திணித்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார். நான் போர்ட்டோவிலேயே இருந்துவிடலாம் என்கிறேன். நேற்று காயப்போட்ட துண்டை யார் எடுப்பது என்று தொடங்கிய பேச்சு, என்னால்தான் இந்தப் பயணமே கெட்டது என்பது வரை போய்விட்டது. இத்தனைக்கும் முதல் மூன்று மாதம் நாங்கள் சண்டையே போட்டதில்லை.

இப்படிக் கடைசி வாரங்களைக் கடந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

பழைய பை:

சண்டை இருக்கட்டும், முதலில் தேதியைப் பாருங்கள். ஷெங்கன் கணக்கு மாதத்தில் இல்லை, நாளில். எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாள்தான், வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேர்த்தி. ஏப்ரலில் உங்களுக்கு 29 நாள், மே 31, ஜூன் 30, ஆகமொத்தம் 90. ஜூன் 30தான் கடைசி நாள், ஜூலை 2 என்பது 92ஆம் நாள்! விசாவில் தங்கும் நாட்கள் 90க்கும் குறைவாக அச்சாகியிருந்தால் அந்த எண்தான் செல்லும், அதையும் எடுத்துப் பாருங்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் வருகையும் புறப்பாடும் கைரேகையோடு கணினியில் ஏறுகின்றன, முத்திரை தெளிவாக விழவில்லை என்றெல்லாம் தப்பிக்க முடியாது. இரண்டு நாள்தானே என்று விட்டால் அடுத்த விசாவுக்குப் போகும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

அப்புறம் இத்தாலியில் ஏதாவது வாங்கி வரி திரும்பப் பெறும் படிவம் வைத்திருந்தால், லிஸ்பனில் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே சுங்கத்தில் பொருளையும் படிவத்தையும் காட்டுங்கள். பெட்டி உள்ளே போனபிறகு காட்டப் பொருள் கையில் இருக்காது.

உப்புக்காற்று:

நாங்கள் ஏழு மாதம் போனோம், ஆறாவது மாதம் ஏறக்குறைய பேச்சே நின்றுவிட்டது. எனக்குத் தோன்றியது, ஊர் எது என்பதில் சண்டையே இல்லை, 24 மணி நேரமும் ஒரே ஆளோடு ஒரே அறையில் இருப்பதுதான் சிக்கல், ஏனென்றால் வீட்டில் இருக்கும்போது வேலை, நண்பர்கள், தெருமுனை வரை ஒரு நடை என்று எத்தனையோ இடைவெளி தானாகவே கிடைத்துவிடும், பயணத்தில் அதெல்லாம் இல்லை. அவரைத் தனியாக அனுப்புங்கள். போர்ட்டோவிலிருந்து எல்லை தாண்டி ஸ்பெயினின் வீகோவுக்கு நேரடி ரயில் இருக்கிறது, இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கிருந்து இன்னொரு ரயிலில் சாந்தியாகோ. (வீகோவில் இரண்டு ரயில் நிலையம், மாறுவதற்கு நேரம் விட்டு டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்பெயின் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நான் அதில் ஒரு ரயிலைத் தவறவிட்டேன்.) மாட்ரிட்டெல்லாம் வேண்டாம், லிஸ்பனிலிருந்து போன இரவு ரயில் 2020இல் நின்றதுதான்.

நடைவண்டி:

தனியாக அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. நாங்கள் அப்படித்தான் ஐந்து நாள் பிரிந்தோம், திரும்பி வந்ததும் அவள் பார்த்ததை நான் பார்க்கவில்லை என்று புதிதாக ஒரு குறை முளைத்தது. அனுப்புவதாக இருந்தால் மூன்று நாளுக்கு மேல் வேண்டாம், அதோடு ஜூன் 23 இரவுக்குள் அவர் போர்ட்டோவில் இருக்க வேண்டும். அன்று சாவோ ஜோவாவோ விழா. ஊரே தெருவில் நிற்கும், முன்பின் தெரியாதவர்கள் பிளாஸ்டிக் சுத்தியலால் தலையில் தட்டுவார்கள், நள்ளிரவில் ஆற்றின் மேல் வாணவேடிக்கை. சண்டை போட்டவர் தலையில் சட்டப்படி தட்ட இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

ஜன்னலோர இருக்கை:

பழைய பை, உங்களுக்குப் பெரிய நன்றி. உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினோம், 92தான். டிக்கெட்டை ஜூன் 29க்கு மாற்றியாயிற்று, கட்டணம் வலித்தது. அந்தத் தேதியை மாற்ற இருவரும் சேர்ந்து இரண்டு மணி நேரம் போராடியதில் துண்டு விவகாரம் மறந்தே போனது.

பாரிஸை அவரே அட்டவணையிலிருந்து அடித்துவிட்டார், நான் கேட்கவில்லை. இன்று காலை வீகோ ரயில் ஏறினார், நான்காம் நாள் மாலை வந்துவிடுவார், நடைவண்டி மன்னிக்கவும், ஒரு நாள் கூடிவிட்டது. 23ஆம் தேதிக்கு நான் ஏற்கெனவே இரண்டு சுத்தியல் பார்த்து வைத்திருக்கிறேன். இன்று அறையை விட்டு வெளியே போகவே இல்லை, அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஒரே சார்ஜரை அவர் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார், கைபேசியில் 9 சதவீதம்தான் இருக்கிறது, மீதியை அப்புறம் எழுதுகிறேன்.