எடை குறைந்தால் வேகம் கூடுமா?

கேள்வி: 5,000 மீட்டர் ஓடும் என் 19 வயது மகளிடம் மூன்று கிலோ குறைக்கும்படி பயிற்சியாளர் சொன்னதிலிருந்து, அவள் தட்டில் சோற்றை ஒதுக்கிவிட்டு வெள்ளரித் துண்டுகளை மட்டுமே உண்கிறாள், நான்கு மாதங்களாக மாதவிடாயும் வரவில்லை. ஓட்டக்காரர்களுக்கு இது இயல்புதான் என்கிறார்கள். உண்மையா?

பதில் 1: இயல்பே அன்று, அம்மா. எடை குறைந்ததும் தொடக்கத்தில் ஓடி முடிக்கும் நேரம் குறைவதுண்டு, அதுதான் ஏமாற்றுகிறது. பயிற்சிக்குச் செலவானது போக மிஞ்சும் ஆற்றல் போதாதபோது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனின் சுரப்பு குறைந்து, எலும்பு வலுவிழக்கிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் வெளியிட்ட அறிக்கை இதனை விளையாட்டில் ஏற்படும் ஆற்றல் பற்றாக்குறை என்று விளக்கியது. ஆண்களுக்கும் இது வரும்.

பதில் 2: அமெரிக்காவின் மேரி கெயின் 17 வயதில், 2013 மாஸ்கோ உலகத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் இறுதிச்சுற்றில் ஓடியவர். எடையைக் குறைக்கும் நெருக்கடியில் மூன்று ஆண்டுகள் மாதவிடாய் நின்றதையும் ஐந்து எலும்புகள் முறிந்ததையும் 2019இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். அத்தனை திறமையும் அப்படி வீணானதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

பதில் 3: விளையாட்டு மருத்துவரிடம் எலும்பு அடர்த்திப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மாத்திரை கொடுத்து மாதவிடாயை வரவழைப்பது பற்றாக்குறையைத் தீர்க்காது, உணவுதான் தீர்க்கும்.

கேட்டவர்: முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பில் ஒரே இடத்தில் வலி என்று இரண்டு வாரமாகச் சொல்கிறாள். நாளையே அழைத்துச் செல்கிறேன்.