ஹொண்டா சீடி 125க்கு பஜாஜ் சீரி 100 சைலன்சர்: போடலாமோ?

கண்டாவளைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டில ஹொண்டா சீடி 125 (CD 125) பென்லி மோட்டச்சைக்கிள் ஒண்டு நிக்குது. மீள்குடியேறி வந்த பிறகு, 2011இல அப்பா வவுனியாவில கைமாத்தி வாங்கினது. அதுக்கு முந்தி வைச்சிருந்த சீடி 2009இல, கடைசிச் சண்டையில, மாத்தளன் பக்கம் விட்டதுதான்.

2018 மார்கழியில இரணைமடுக் குளம் திறந்துவிட்ட வெள்ளத்தில இது சீற் மட்டத்துக்குத் தண்ணிக்குள்ள நிண்டது. எஞ்சினைப் பிரிச்சுக் கழுவினம், ஒயில் மாத்தினம், சைலன்சரை ஒருதரும் நினைக்கேல்லை. இப்ப ரெண்டும் அடிப்பக்கத்தால கறள் தின்று போச்சு. இடது பக்கத்தில நடுவிரல் போற ஓட்டை. ரெண்டு தரம் வெல்டிங் வைச்சம். தகடு கடதாசி மாதிரிக் கிடக்கு, ஒட்டின இடத்துக்குப் பக்கத்தில புது ஓட்டை விழுது.

அசல் சோடிக்கு ஒரு கடையில சொன்ன விலையை அப்பாட்டைச் சொல்லேல்லை. ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு கராச்சில பழைய பஜாஜ் சீரி 100 (CT 100) சைலன்சர் ரெண்டு கிடக்கு, தட்டிப் பாத்தன், நல்ல கனத்த சத்தம். ரெண்டையும் சீடிக்குப் போடலாமோ?

முறிகண்டிக் கச்சான்:
போடாதையும். சீடி ரெட்டைச் சிலிண்டர். ஒரு பிஸ்டனுக்கு 62 சீசீதான். சீரி 100 ஒற்றைச் சிலிண்டர், கிட்டத்தட்ட 100 சீசீ. அந்தச் சைலன்சரை அதுக்கெண்டே அளந்து செய்திருக்கிறான். 62 சீசீக்கு அதைப் பூட்டினா புகை லேசாப் போகும், கலவை காத்துக் கூடி மெலியும், எஞ்சின் சூடேறும். பிறகு வால்வு கருகிச்சு, பிஸ்டன் பிடிச்சிட்டுது எண்டு இஞ்சயே வந்து எழுதுவீர். ஜப்பான்காரன் பைத்தியத்துக்கே ஒவ்வொரு சைக்கிளுக்கும் வேற வேற சைலன்சர் செய்தவன்?

ஒட்டுசுட்டான் கராச்:
தம்பி சொன்ன ரெண்டு சைலன்சரும் என்னட்டைத்தான் கிடக்கு, அதை முதலே சொல்லிப் போடுறன். விக்கிறவன் கதை எண்டு நினைச்சே வாசியுங்கோ.

கச்சான் தம்பி, இழுவையைப் பாக்கிறது பெண்ட். சிலிண்டர் வாயில இருந்து வாற அந்த வளைஞ்ச குழாயின்ர குறுக்களவும் நீளமும்தான் புகை என்ன வேகத்தில ஓடுது எண்டதைத் தீர்மானிக்கும். அதை நான் தொடப் போறேல்லை. சீடியின்ர பெண்ட் சீடியிலயே நிக்கும். அதுக்குப் பின்னால தொங்கிற சட்டியைத்தான் மாத்திறம். 100 சீசீயின்ர புகையைத் தாங்கினது 62 சீசீயைத் தாங்காதோ?

கலவை கொஞ்சம் மெலியலாம், அதை நான் மறுக்கேல்லை. அதுக்குத்தானே பெற்றோலையும் காத்தையும் கலக்கிற காபரேற்றர் இருக்கு. அதுக்குள்ள நிக்கிற ஊசியின்ர கிளிப்பை ஒரு வெட்டுக் கீழ இறக்கினா ஊசி மேல ஏறும், பெற்றோல் கூடும். காணாட்டி பெற்றோல் வாற துளை, மெயின் ஜெட், அதை ஒரு நம்பர் கூட்டு. நூறு மைல் ஓடிப் பிளக்கைக் கழட்டிப் பார். பால் தேத்தண்ணி நிறமெண்டால் சரி. வெள்ளைச் சாம்பலெண்டால் இன்னும் கூட்டு. கரியெண்டால் குறை.

இன்னொண்டு. சண்டை நேரம் பெற்றோல் தடை காலத்தில மண்ணெண்ணெயில ஓடினம். ரெண்டு துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்தி. சைலன்சருக்குள்ள கரி கல்லு மாதிரி அடைக்கும், கழட்டி விறகு நெருப்பில போட்டு எரிச்சுத் தட்டிக் கொட்டினம். அப்ப ஹொண்டா எம்டி 90இல கிடந்தது சீடிக்கு ஏறிச்சு, சீடியில கிடந்தது வேற எதுக்கோ போச்சு. ஆர் பிராண்ட் பாத்தது?

முறிகண்டிக் கச்சான்:
அண்ணை, தடை காலத்தைச் சாட்சிக்குக் கூப்பிடாதேங்கோ. அப்ப சவர்க்காரத்துக்குப் பனம்பழத்தாலயும் தோய்ச்சம், இப்பவும் தோய்க்கிறமே? வழி இல்லாமச் செய்ததை நல்ல முறையெண்டு எழுதினா வாசிக்கிற பொடியள் நம்பிப் போடுவாங்கள்.

பெண்ட்தான் எல்லாம், சைலன்சர் வெறும் சட்டி எண்டதும் முழுச் சரியில்லை. பெண்ட் முடியிற இடத்தில குழாய் சட்டெண்டு அகலும். அந்த இடத்தில இருந்து ஒரு அலை திரும்பி வால்வுக்குப் போகும். அது எந்த நேரத்தில போய்ச் சேருது எண்டதைப் பொறுத்துத்தான் எந்தச் சுத்தில எஞ்சின் நல்லா இழுக்கும் எண்டது. நீங்கள் பொருத்துக்கு ஒரு சாண் குழாய் கூட்டினாலே அந்த நேரம் மாறும்.

பூநகரிக் காத்து:
நான் பட்டதைச் சொல்லுறன். என்னட்டை சுசுக்கி ஏஎக்ஸ் 100 நிண்டது. சைலன்சர் உப்புக் காத்தில போச்சு. ஒருதர் சொல்லிக் கேட்டு போர் ஸ்ரோக் (four stroke) சைக்கிள் ஒண்டின்ர சைலன்சரைப் பூட்டினன். சங்குப்பிட்டிப் பாலத்தில எதிர்க் காத்துக்கு மூண்டாம் கியரில கூட ஏறேல்லை. பின்னால இருந்த மச்சான் இறங்கி நடந்தான். பாலம் 2011இல திறந்தது, முந்தி பாதையில, அந்த மிதவையில, ஏத்திக் கொண்டு போன நாளிலயே கெதியாப் போயிருக்கிறன் எண்டு அவன் இண்டைக்கும் சொல்லிக் காட்டுவான்.

முறிகண்டிக் கச்சான்:
கேட்டியளே.

ஒட்டுசுட்டான் கராச்:
கேட்டன். அது டூ ஸ்ரோக் ஐசே! அதில புகை போற வாசலுக்கு வால்வே இல்லை. புகை போற வாசலும் புதுக் கலவை வாற வாசலும் கொஞ்ச நேரம் ஒண்டாத் திறந்து கிடக்கும். வெளிய வழுக்கிப் போற கலவையைத் திருப்பி உள்ளுக்குத் தள்ளுறது சைலன்சரின்ர வயிறும் அதுக்குப் பிறகு ஒடுங்கிற கூம்பும்தான். டூ ஸ்ரோக்குக்கு சைலன்சர் எஞ்சினில பாதி. அதுக்கு வேற பிராண்ட் போடு எண்டு நான் ஒருதருக்கும் சொல்ல மாட்டன், டூ ஸ்ரோக்கிலயே வேற மொடல் கூடப் போட மாட்டன். போர் ஸ்ரோக்கில வால்வு மூடிப்போடும். கச்சான் சொல்லுற அலை இருக்கு. ஆனா கிரவல் றோட்டில ஓடுற சீடியில அது தெரியவேணுமெண்டால் முதல் ஓட்டை ரயரையும் தொங்கிற செயினையும் மாத்த வேணும்.

மல்லாவி ரீச்சர்:
ஆம்பிளையள் இழுவையைப் பற்றியே கதைக்கிறியள். என்ர மகளுக்கு நாலு வயசில கணுக்காலில சுட்ட தழும்பு இன்னும் கிடக்கு. அவளின்ர சித்தப்பா வேற சைலன்சர் பூட்டினவர், அதின்ர சூட்டுத் தகடு கழண்டு போச்செண்டு அப்பிடியே விட்டிட்டார். வேற சைக்கிளின்ர சைலன்சர் வேற உயரத்தில நிக்கும், பின்னால ஏறுற ஆளின்ர கால் அங்கதான் படும். தம்பி, அப்பா பின்னுக்கு இருப்பார் எண்டால் அவரை இருத்திப் பாத்திட்டு வெல்டிங் வையும்.

அதோட வருச லைசென்சுக்குப் புகைச் சோதினை இருக்கு. பொருத்தில ஓட்டை இருந்தா அதால காத்துக் கலக்கும், மிசினில பிழையாக் காட்டும்.

பூநகரிக் காத்து:
ரீச்சர் சொன்னது சரி. பொருத்தில காத்து இழுத்தா இன்னொண்டும் நடக்கும். அக்சிலேற்றரை விட்டுப் பள்ளத்தில இறங்கேக்க பட் பட் எண்டு வெடிக்கும். 2010இல நான் அப்பிடி வெடிச்சுக் கொண்டு போய் ஒரு ஆமிச் சென்ரியில பட்ட பாட்டை இஞ்ச எழுதேலாது.

முறிகண்டிக் கச்சான்:
சரி, எஞ்சின் கதையை ஒரு பக்கம் வைப்பம். பிந்தி வந்த இந்தியன் சைக்கிள்கள் பலதில சைலன்சருக்குள்ள கட்டலிக் கன்வேட்டர் தேன்கூடு மாதிரி இருக்கு. பழைய சீடி எஞ்சின் ஒயில் குடிக்கும். அந்த ஒயில் கரி தேன்கூட்டை அடைச்சா என்ன செய்வியள்? கராச் அண்ணை தன்ர ரெண்டையும் உள்ள பாத்தவரோ?

மற்றது, ரெண்டும் ஒரே மொடல், ஒரே வருசமோ? சீடியில ரெண்டு பிஸ்டனும் ஒண்டாத்தான் ஏறி இறங்கும், வெடிக்கிறது மாறி மாறி. ஒரு சுத்துக்கு ஒரு வெடி. அதுதான் அந்த உருண்ட சத்தம். ஒரு பக்கம் அடைப்பு, மற்றப் பக்கம் லேசு எண்டால் ஒரு சிலிண்டர் மற்றதை இழுத்துக் கொண்டு ஓடும். காபரேற்றர் ஒண்டுதான், ஒரு பக்கத்துக்கு மட்டும் பெற்றோல் கூட்டேலாது.

ஒட்டுசுட்டான் கராச்:
இது நியாயமான கேள்வி, இவ்வளவு நேரமும் இதைக் கேட்டிருக்கலாம்.

ரெண்டும் ஒரே மொடல். தேன்கூடு இல்லை, வால்பக்கத்தால லைற் அடிச்சுப் பாத்தன். ஆனா ஒண்டு மற்றதை விடக் கொஞ்சம் பாரம் கூட. உள்ள கரி இருக்கலாம். அதை நேற்று நான் யோசிக்கேல்லை, கச்சான் எழுதின பிறகுதான் தராசில வைச்சன். எரிச்சுத் தட்டித் தருவன்.

பூட்டின பிறகு சோதிக்கிறது லேசு. குளிர் எஞ்சினை ஸ்ராட் பண்ணி, ரெண்டு பெண்டிலயும் ஒவ்வொரு துளி தண்ணி விடு. ரெண்டும் ஒண்டாக் கொதிச்சுப் பறக்க வேணும். பிறகு ரெண்டு வாலுக்கும் பின்னால உள்ளங்கையைப் பிடி, தள்ளு ஒரே மாதிரி இருக்க வேணும்.

கண்டாவளைக்காரன்:
அண்ணை, இஞ்ச பக்கத்து வெல்டிங் கடைக்காரர் பொருத்துக்குத் தண்ணிப் பைப் துண்டு, ஜீஐ, போதும் எண்டுறார். செய்யட்டோ?

ஒட்டுசுட்டான் கராச்:
வேண்டாம் தம்பி. அது நாகம் பூசின குழாய். வெல்டிங் சூட்டில வெள்ளைப் புகை வரும், அதை மூக்கால இழுத்தா அண்டு ராவு காய்ச்சல், நடுக்கம். நானே ரெண்டு தரம் பட்டனான். குரோம் பூச்சையும் பொருத்து வாற இடத்தில அரைச்சுப் போட்டுத்தான் ஒட்ட வேணும், அந்தப் புகையும் கூடாது. வெறும் இரும்புக் குழாய் எடு. சைக்கிளில வைச்சு ரெண்டு புள்ளி மட்டும் ஒட்டு, பற்றரி வயரைக் கழட்டிப் போட்டு. பிறகு சைலன்சரைக் கழட்டி நிலத்தில வைச்சு முழுசா ஒட்டு. பின் கொழுவியை நேர வெல்டிங் வையாத, றப்பர் புஷ் வைச்சு நட்டால பூட்டு. கிரவல் றோட்டு அதிர்ச்சிக்கு இறுக்கமா நிக்கிறதுதான் முதல்ல வெடிக்கும்.

சைலன்சரின்ர அடியில சின்னத் துளை இருந்தா ஓட்டையெண்டு நினைச்சு அடைச்சுப் போடாத. புகையோட வாற தண்ணி வடியிறதுக்கு விட்டது. கிட்டக் கடைக்கும் வயலுக்கும் மட்டும் ஓடுற சைக்கிளில சைலன்சர் முழுச் சூடேறாது, தண்ணி உள்ளயே நிண்டு கறளாக்கும். உன்ர பழசு வெள்ளத்தால மட்டும் போகேல்லை.

முறிகண்டிக் கச்சான்:
பின் சில்லைக் கழட்ட அச்சு எந்தப் பக்கத்தால இழுபடுது எண்டும் பாரும். சைலன்சர் அதுக்கு நேர நிண்டா ஒவ்வொரு பஞ்சருக்கும் சைலன்சர் கழட்ட வேணும். வலது பக்கத்தில பிறேக் கால் கீழ போற இடம், இடது பக்கத்தில செயின் மூடி. சென்ரர் ஸ்ராண்ட் மேல மடியேக்க அதின்ர றப்பர் எங்க முட்டுது? ஆளை இருத்திப் பள்ளத்தில விட்டும் பாரும்.

நான் இன்னும் வேண்டாமெண்டுதான் சொல்லுறன். சத்தம் மாறும். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி பக்கம் விடிய வயலுக்குப் போறவன் சைக்கிள் சத்தத்துக்கு மேலால கிளை முறியிற சத்தத்தைக் கேக்க வேணும்.

பூநகரிக் காத்து:
சத்தம் கூடினா யானை விலகும் எண்டெல்லோ சொல்லுறவை?

முறிகண்டிக் கச்சான்:
சொன்னவர் யானையைக் கேட்டவரோ?

கண்டாவளைக்காரன்:
ரெண்டு கிழமை கழிச்சு எழுதுறன், குறை நினையாதேங்கோ. பூட்டியாச்சு. கராச் அண்ணைதான் செய்தவர், கச்சான் அண்ணை எழுதினதை போனில ஒவ்வொண்டா வாசிச்சு வாசிச்சுச் செய்தவர், அதை அவர் இஞ்ச ஒத்துக்கொள்ளார். ஊசியை ஒரு வெட்டு ஏத்தினம். முதல் பிளக் ரெண்டும் வெளிறிக் கிடந்தது, ஜெட்டும் ஒரு நம்பர் கூட்ட வேண்டி வந்தது. இப்ப வலது பால் தேத்தண்ணி, இடது கொஞ்சம் வெறும் தேத்தண்ணி. பெற்றோல் முந்தியிலும் கூடக் குடிக்குது. 2022இல பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆர் காட்டிக் கிழமைக்கு 4 லீற்றரோட சமாளிச்ச காலத்தில இதைச் செய்திருக்க மாட்டன். இழுவையில வித்தியாசம் எனக்குத் தெரியேல்லை. ரீச்சர், சூட்டுத் தகடு ரெண்டு பக்கமும் இருக்கு, அப்பாவை இருத்திப் பாத்துத்தான் உயரம் வைச்சது.

ஒரு சங்கதி. நான் மதகடியில திரும்பேக்கயே அப்பா சத்தம் கேட்டுப் படலையைத் திறந்து வைச்சிடுவார். இந்த ரெண்டு கிழமையும் நான் கோர்ன் அடிச்ச பிறகுதான் எழும்பி வாறார். ஆரோ சீட்டுக்காசு கேக்க வந்தவங்கள் எண்டு நினைச்சாராம்.

முறிகண்டிக் கச்சான்:
இடது பிளக் கறுப்பெண்டால் அந்தப் பாரம் கூடின சைலன்சர் இடது பக்கத்திலதான் நிக்குது போல. ரெண்டையும் பக்கம் மாத்திப் பூட்டிப் பாரும், கறுப்பு வலதுக்குப் போகுதோ எண்டு. ஸ்ராண்ட் றப்பர் எங்க முட்டுது எண்டு நீர் இன்னும் சொல்லேல்லை.

கண்டாவளைக்காரன்:
முட்டேல்லை அண்ணை. அது தொங்கிக் கொண்டு நிக்குது. ரயர் ரியூப்பால இழுத்துக் கட்டியிருக்கு.

முறிகண்டிக் கச்சான்:
கராச் அண்ணை, உங்களைத்தான்.

ஒட்டுசுட்டான் கராச்:
ஞாயிற்றுக்கிழமை கொண்டு வரட்டும்.