மந்தநிலைக் காலத்தில் லாஸ் வேகாஸ் சுற்றுலா

கேள்வி: 2009-இன் பொருளாதார மந்தநிலையின்போது லாஸ் வேகாஸில் அறை வாடகை வெகுவாகக் குறைந்திருந்ததாகக் கேள்விப்பட்டேன், அப்போது சென்று வந்தவர்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ள முடியுமா?

பதில் 1: நானும் மனைவியும் அந்த ஆண்டு சென்றிருந்தோம். வாடகை உண்மையிலேயே மலிவுதான். ஆனால் ரசீதில் விடுதி வசதிகளுக்கான 'ரிசார்ட் கட்டணம்' என்று தனியாக ஒரு தொகை ஏறியிருந்தது. பெல்லாஜியோ விடுதியின் நீரூற்று நடனத்தைக் காசு செலவின்றி மூன்று இரவுகள் பார்த்தோம்.

பதில் 2: சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கும் ஸ்ட்ரிப் சாலையின் வடகோடியில், 2007-இல் கட்டத் தொடங்கி, 2009-இல் திவாலாகிப் பாதியில் நின்றுபோன ஃபோன்டேன்புளூ விடுதியின் ஆளில்லாத உயரமான கட்டடம்தான் என் கண்ணைவிட்டு அகலவில்லை. அது திறக்கப்பட 2023 டிசம்பர் ஆயிற்று.

பதில் 3: லாஸ் வேகாஸ் அமைந்துள்ள நெவாடா மாநிலத்தில் வேலையின்மை 2010-இல் 13 விழுக்காட்டைத் தாண்டியதை மறந்துவிடக் கூடாது. எங்கள் அறையைத் துப்புரவு செய்த அம்மையார், வாரத்தில் மூன்று நாள்தான் வேலை கிடைக்கிறது என்றார். வாடகையில் மிச்சமானதில் ஒரு பங்கை அவருக்காகத் தலையணைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினோம்.