அப்டேட்: காரில்லாம இத்தாலி மலை ஊர்கள், தங்குனது பெருஜால

சியனாவா பெருஜாவா, எங்க தங்கலாம்னு கேட்டிருந்தேன்ல, கடைசில பெருஜாதான். பாக்கப் போன மலை ஊர்கள்ல அசிசி, ஸ்பெல்லோ ரெண்டும் அங்கேர்ந்து ஒரே ரயில் லைன்ல இருக்கு, அசிசிக்கு அரை மணிநேரம்கூட ஆகல, ஆனா ஸ்டேஷன் கீழ சமவெளில, ஊர் மேல, பஸ் புடிச்சுதான் ஏறணும். ஸ்பெல்லோல நடந்தே போயிடலாம். பெருஜாலயும் ஸ்டேஷன் அடிவாரத்துலதான், 2008ல வந்த மினிமெட்ரோங்கிற குட்டி ரயில்ல மேல போயிடலாம், லக்கேஜோட படி ஏறுற வேலையே இல்ல.

சொதப்புனது குப்பியோ (Gubbio)ங்கிற இன்னொரு மலை ஊர் ட்ரிப்தான். அங்க ரயில் கிடையாது, பஸ்தான். ஸ்டாப்ல ஒட்டியிருந்த அட்டவணைல நேரத்தை மட்டும் பாத்துட்டு ஞாயித்துக்கிழமை போய் நின்னா பஸ்ஸே வரல. மேல "ஃபெரியாலே"ன்னு போட்டிருந்துச்சு, அப்டின்னா திங்கள்லேர்ந்து சனி வரைக்கும்தானாம். ஞாயிறுக்கு "ஃபெஸ்டிவோ"னு தனியா பாக்கணும். ஞாயிறை ரயில் ஊருக்கு வச்சுக்கோங்க.