கலச்சுவாசத்துக்கு வேறு சொல்: 'சக்திமீட்பு' சரிவருமா?

அன்புள்ள எல்லோருக்கும்,

கலச்சுவாசம் என்றால் உடம்பின் கலங்கள் (செல்கள்) உணவிலிருந்து சக்தியை எடுப்பது. அதைப் பற்றிப் போன கிழமை உயர்தர வகுப்பில் சின்னதாக ஒரு கேள்வி கொடுத்தேன். ஒருவர் வாவியில் முழுகி ஒரு நிமிடம் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய உடம்பில் கலச்சுவாசம் நடக்குமா, நடக்காதா? வகுப்பில் பாதிக்கு மேல் 'நடக்காது' என்று எழுதியிருந்தார்கள். காரணம், 'சுவாசம் நிறுத்தப்பட்டதால்'. இவ்வளவுக்கும் இவர்கள் கிளைக்கோப்பகுப்பின், அதாவது ஒட்சிசன் இல்லாமலே குளுக்கோசை உடைக்கும் முதற்கட்டத்தின், படிகளை வரிசை மாறாமல் எழுதக்கூடிய பிள்ளைகள். தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் யோசித்தேன். பிள்ளைகளைக் குறைசொல்ல முடியவில்லை. வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் சுவாசம் என்றால் மூச்சு. அந்தச் சொல்லை அப்படியே தூக்கிக் கலத்துக்குள் வைத்துவிட்டு, 'இங்கே மட்டும் இதற்கு அர்த்தம் வேறு, ஞாபகம் வைத்துக்கொள்' என்று நாம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. அங்கே உள்ள சொல்லும் மூச்சுவிடுவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். அதைப் பார்த்துத் தமிழாக்கியபோது குழப்பத்தையும் சேர்த்து இறக்கிக்கொண்டோம்.

நல்ல சொல் அமைந்தால் பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும். 'இழைமணி'யைப் பாருங்கள். 1898இல் பெண்டா என்ற ஜெர்மன்காரர் கலத்துக்குள் இருக்கும் அந்தத் துணுக்குகளுக்கு மைட்டோகாண்ட்ரியா என்று பெயர் வைத்தார், கிரேக்கத்தில் முதல் பாதி நூல், மறு பாதி மணி, அதாவது தானிய மணி. நுணுக்குக்காட்டியில் சில இடத்தில் இழையாகவும் சில இடத்தில் மணியாகவும் தெரிந்ததால் அந்தப் பெயர். நம்மவர்கள் அதை இழைமணி ஆக்கினார்கள், ஒரு எழுத்துக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு பிள்ளை மட்டும் 'நூலில் தொங்கும் கோயில் மணியா டீச்சர்' என்று கேட்டாள். நெல்மணி என்று சொன்னதும் முகம் தெளிந்துவிட்டது.

சரி, இப்போதைக்கு என்னுடைய பரிந்துரை 'கலவெரிப்பு'. ஏன் என்று சொல்கிறேன். எங்களுக்குப் படுவான்கரையில் கொஞ்சம் வயல் இருந்தது. பெரும்போகத்துக்கு விதைநெல்லை ஒரு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோலையும் ஈரச்சாக்கையும் போட்டு மூடி வைப்பார்கள். அடுத்த நாள் அந்தச் சாக்குக்குள் கையை விட்டால் மணிக்கட்டு வரைக்கும் சூடு ஏறும், அடுப்புக்குப் பக்கத்தில் கை வைத்த மாதிரி. வெயிலில் கிடந்த சூடு அல்ல, நிழலில் மூடிக் கிடந்த நெல் தானே உண்டாக்கிய சூடு. அப்பா சாக்கைப் புரட்டித் தண்ணீர் தெளிப்பார், பிந்தினால் நடுவில் உள்ள முளை அவிந்துபோகும் என்பார். பிறகு பள்ளிக்கூடத்தில் வெப்பக்குடுவைக்குள் முளைப்பயற்றைப் போட்டு வெப்பமானி வைத்துப் பார்த்தபோது, இது நம்முடைய சாக்கு அல்லவா என்று தோன்றியது. 1780களில் லவோசியே, லப்பிளாஸ் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, உருகிய பனியையும் வெளிவந்த வாயுவையும் கரி எரியும்போது கிடைப்பதோடு ஒப்பிட்டு, உயிருக்குள் நடப்பது மெதுவான தகனம் என்று சொன்னார்கள். அதனால்தான் எரிப்பு.

உங்கள் அபிப்பிராயத்தை எழுதுங்கள். சும்மா நல்லது என்று மட்டும் எழுத வேண்டாம்.

— உயிரியல் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

* * *

டீச்சர்,

வேறு சொல் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நீங்கள் சொன்னதை விடப் பலமான காரணம் மருத்துவத்தில் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கில், அதுவும் கசப்பு மரவள்ளியில், சயனைட்டு வெளிவிடும் பொருள் இருப்பது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் நம் வீடுகளில் சட்டியை மூடாமல் அவிக்கிறோம். சயனைட்டு நஞ்சேறியவருக்கு நெஞ்சு ஏறி இறங்குகிறது, சொல்லப்போனால் ஆரம்பத்தில் மூச்சு வழமையை விட வேகமாக ஓடும். நுரையீரலில் பழுதில்லை, குருதியில் ஒட்சிசன் நிறைய இருக்கிறது. ஆனால் இழைமணிக்குள் ஒட்சிசனைக் கடைசியில் வாங்கிக்கொள்ளும் நொதியத்தை (என்சைமை) சயனைட்டு பிடித்துக்கொண்டது, கலங்களால் அந்த ஒட்சிசனைத் தொட முடியாது. அதனால் கலங்களைக் கடந்து திரும்பி வரும் நாளக்குருதி கூடக் கருஞ்சிவப்பாக இல்லாமல் பளிச்சென்று சிவந்திருக்கும். கொண்டுபோனதை இறக்காமலே திரும்பி வந்த வண்டி மாதிரி. அவர் சுவாசிக்கிறார், அவருடைய கலங்கள் 'சுவாசிக்கவில்லை'. இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மாணவருக்கு எப்படி விளக்குவது?

இன்னொன்று. ஒட்சிசனைச் சுமந்து திரியும் செங்குருதிக் கலத்தில் இழைமணியே இல்லை. தான் சுமப்பதில் ஒரு துளியைக் கூட அது தன் சக்திக்கு எடுப்பதில்லை, கிளைக்கோப்பகுப்பில் கிடைக்கும் கொஞ்சத்தோடு தன் 120 நாள் ஆயுளையும் ஓட்டிவிடுகிறது.

ஆனால் 'எரிப்பு' வேண்டாம். என்னிடம் நாளுக்குப் பத்துப் பேராவது நெஞ்செரிவு, வயிற்றெரிவு, கண்ணெரிவு என்று வருகிறார்கள். நம் ஊரில் எரிவு என்றால் நோவு. கலவெரிப்பு என்று போட்டால் அதையும் ஒரு வருத்தம் என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள். 'கலவுயிர்ப்பு' எப்படி? உயிர்த்தல் என்பதற்குப் பழந்தமிழில் மூச்சுவிடுதல் என்றும் பொருள் இருக்கிறது, வாழ்தல் என்றும் இருக்கிறது.

— மருத்துவர், மட்டக்களப்பு

* * *

தங்கச்சிக்கும் டொக்டருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வட்டை வட்டையாகத் திரிந்த ஆள். சாக்குக் கதையை வாசித்ததும் கை சுட்ட மாதிரி இருந்தது, அவ்வளவு சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே நெல்தான் உங்கள் சொல்லை மறுக்கிறது. விதைத்த கையோடு பெருமழை பெய்து வயல் முழுக்க வெள்ளம் நின்றால் என்ன நடக்கும்? சேற்றுக்குள் காற்று இல்லை. மற்றத் தானியங்கள் பெரும்பாலும் அப்படியே அழுகிப் போகும். நெல் மட்டும் வெளிறின மெல்லிய முளை ஒன்றை மேலே நீட்டும், வேர் விடாது. அந்த முளை தண்ணீர் மட்டத்தைத் தாண்டிக் காற்றைப் பிடித்த பிறகுதான் வேரும் இலையும் ஒழுங்காக வரும். அந்த முளை நீளுவதற்குச் சக்தி எங்கிருந்து வந்தது? ஒட்சிசன் இல்லாமல், நொதித்தலில் வந்தது. காற்றில்லாமல் எரிப்பு ஏது? 'காற்றின்றிய எரிப்பு' என்று எழுதினால் வாசிப்பவன் சிரிப்பான்.

உயிர்ப்பு என்றால் எங்கள் கிறிஸ்தவச் சகோதரர்களுக்கு உயிர்த்த ஞாயிறுதான் மனதில் வரும். பண்டிதர்களுக்கு மறுபடியும் மூச்சு. அதுவும் கைகொடுக்காது.

நேராக 'சக்தியாக்கம்' என்று வைத்தால் என்ன?

— சம்மாந்துறையிலிருந்து

* * *

டொக்டர், சேர், இருவருக்கும் நன்றி. எரிப்பை விட்டுவிட்டேன். நான் ஆசையோடு கொண்டுவந்த சொல்தான், ஆனாலும் வெள்ளத்தில் நின்ற நெல் சொல்வது நியாயம். அந்தச் சொல்லால் இன்னொரு கெடுதலும் இருப்பது பிறகுதான் உறைத்தது. எரிப்பு என்றால் ஒட்சிசன் நேரே போய்க் காபனைப் பிடித்துக் காபனீரொட்சைட்டு ஆகிறது என்ற படம்தான் மனதில் விழும். உண்மையில் நாம் இழுக்கும் ஒட்சிசன் இழைமணிக்குள் இலத்திரனைக் கைமாற்றிக் கடத்தும் சங்கிலியின் கடைசியில் நின்று இலத்திரனை வாங்கிக்கொண்டு தண்ணீராகிறது. வெளியே போகும் காபனீரொட்சைட்டின் காபன் சோற்றிலிருந்து வந்தது, அது சங்கிலிக்கு முன்னமே, கிரெப்சின் வட்டம் என்ற தாக்கத் தொடரிலும் அதற்கு முந்திய படியிலும் கழன்றுவிடுகிறது. இதைப் பிழையாக விளங்கிக்கொண்டு பல்கலைக்கழகம் வரைக்கும் போனவர்களைத் தெரியும்.

சக்தியாக்கம் பற்றி எங்கள் பௌதிகவியல் ஆசிரியரிடம் கேட்டேன். 'சக்தியை ஆக்கவும் ஏலாது, அழிக்கவும் ஏலாது என்று நான் காலையில் படிப்பிப்பேன், நீங்கள் பின்நேரம் ஆக்கம் என்பீர்களா' என்றார். அவர் சொன்னது சரி. இலை வெயிலை வாங்கி நெல்லுக்குள் வைத்ததைத்தான் கலம் எடுக்கிறது. புதிதாக ஒன்றும் ஆகவில்லை.

அன்று இரவு அம்மா, அடைவில் இருக்கும் காப்பை அறுவடைக் காசு வந்ததும் மீட்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தா. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு வேறு ஒன்றும் காதில் ஏறவில்லை. மீட்பு! வைத்தது இருக்கிறது, அதைத் திரும்ப எடுப்பது மீட்பு. ஒளித்தொகுப்பில் வைப்பு, கலத்தில் மீட்பு. 'சக்திமீட்பு'.

போட்டு உரசிப் பார்த்தேன். காற்றிற் சக்திமீட்பு, காற்றின்றிய சக்திமீட்பு, இரண்டும் உறுத்தாமல் நிற்கின்றன. அளவும் சொல்ல முடிகிறது. ஒட்சிசன் இல்லாதபோது ஒரு குளுக்கோசு மூலக்கூறிலிருந்து மீள்வது இரண்டே இரண்டு ஏரிபி (ATP, கலம் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் சக்திச் சில்லறை). ஒட்சிசன் இருந்தால் இன்றைய கணக்கில் 30 முதல் 32 வரை, நான் படித்த காலத்தில் 38 என்று மனனம் செய்தோம். மீட்காத பாக்கி எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். நொதித்தலில் அது மதுசாரத்துக்குள் கிடக்கிறது. மதுசார விளக்கில் நீலச் சுவாலையாக எரிவது அந்தப் பாக்கிதான். காற்று உள்ளபோதும் முழுவதும் மீளுவதில்லை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ஏரிபியில் அகப்படும், நிலைமையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடலாம். மிச்சம் சூடு. அப்பாவின் சாக்குக்குள் என் கையைச் சுட்டது அந்த மிச்சம். எரிப்பு என்ற சொல் அந்த மிச்சத்துக்குத்தான் பெயர் வைத்தது, கலம் கையில் எடுத்துக்கொண்டதற்குப் பெயர் வைக்கவில்லை.

எப்படி மீட்கிறது என்பதற்கு அம்பாறைப் பிள்ளைகளுக்கு இங்கினியாகலை அணைக்கட்டு போதும். ஒரு பக்கம் தண்ணீர் உயர்ந்து நிற்கிறது, திறந்துவிட்டால் கீழே பாய்ந்து சுழலியைச் சுற்றுகிறது, மின் வருகிறது. இழைமணியின் உள்மென்சவ்வுக்கு ஒரு பக்கத்தில் ஐதரசன் அயன்கள் ஏற்றித் தேக்கப்படுகின்றன. ஏற்றுவதற்கான வலிமை சோற்றிலிருந்து வந்த இலத்திரன்கள் சங்கிலி வழியே படி படியாக இறங்கும்போது கிடைக்கிறது. தேங்கியவை திரும்பிப் பாயும் வழியில் ஒரு நொதியம் இருக்கிறது, அது உண்மையாகவே சுழல்கிறது, ஒரு சுற்றுக்கு மூன்று ஏரிபி. 1961இல் பீற்றர் மிற்செல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை, 1978இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இந்தப் படத்தைக் காட்டி 'இதுதான் சுவாசம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'இதுதான் மீட்பு' என்று சொல்ல வருகிறது.

இரண்டு விஷயம் தெளிவாக வைத்துக்கொள்வோம். சுருக்கமாக இருக்கட்டும் என்று 'கலமீட்பு' ஆக்க வேண்டாம். நம் கரையில் கலம் என்றால் வள்ளமும்தான், கடலில் மூழ்கிய வள்ளத்தை இழுத்து வருவது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தேவைப்பட்டால் 'கலச் சக்திமீட்பு' என்று விரித்து எழுதலாம். அப்புறம், தமிழ்நாட்டு நண்பர்கள் 'ஆற்றல்மீட்பு' என்று எழுதினால் சண்டை பிடிக்காதீர்கள். அவர்களுக்கு ஆற்றல் எதுவோ அது நமக்குச் சக்தி, அவர்களுடைய திறன் நமக்கு வலு. மீட்பு இரண்டு பக்கமும் விளங்கும், முக்கியம் அதுதான்.

பரீட்சைத் தாளில் கலச்சுவாசம் என்றுதான் கேட்பார்கள், பிள்ளை அதையே எழுத வேண்டும். அதை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. ஆனால் விளக்கும்போது எந்தச் சொல்லால் விளக்குவது என்பது நம் கையில் இருக்கிறது. 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அதே கரையில் இருந்துகொண்டு ஒரு சொல்லை முயன்று பார்க்க நாம் ஏன் தயங்க வேண்டும்?

புதன்கிழமை மற்றப் பிரிவுக்கு அதே வாவிக் கேள்வியைக் கொடுக்கப் போகிறேன், ஒரு சொல்லை மட்டும் மாற்றி: மூச்சை அடக்கியிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் அவருடைய கலங்களில் சக்திமீட்பு நடக்குமா? சேர், முடிந்தால் நீங்களும் பக்கத்துப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். என்ன எழுதினார்கள் என்பதை அப்படியே இங்கே போடுகிறேன்.

— களுவாஞ்சிகுடியிலிருந்து