பொயிலர் பழுதானால் கிராண்ட் கிடைக்குமா? (இங்கிலாந்து, ஜனவரி 2024)

ஹேரோ_செந்தூரி
சனிக்கிழமை ஒரு பிறந்தநாள் வீட்டில் கேட்டது. "பொயிலர் பழுதானால் கவலையே வேண்டாம், ஒரு போன் போட்டால் அரசாங்கமே இலவசமாகப் புதுசு பூட்டித் தரும்" என்று ஒருவர் பத்துப் பேருக்கு நடுவில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் வீட்டுக்குச் சூடும் சுடுதண்ணியும் தரும் பொயிலர் நின்று இன்றோடு 11 நாள். விசிட் விசாவில் வந்திருக்கும் அம்மாவுக்கு 74 வயது. இரண்டு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, கேத்திலில் சுடவைத்த தண்ணீரில் முகம் கழுவுகிறார். நான்கு இடத்துக்குப் போன் எடுத்தேன். நான்கிலும் முதல் கேள்வி, "பெனிஃபிட் (அரசு உதவித்தொகை) எடுக்கிறீர்களா?" நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம் என்றதும் பேச்சு முடிந்தது. தெரியாததைச் சபையில் சொல்லி ஊரை ஏன் அலைய வைக்கிறீர்கள்?

ஈஸ்ட்ஹாம்_கண்ணன்
அங்கே பேசியது நான்தான். முகத்துக்கு நேரே கேட்டிருக்கலாம், இங்கே வந்து எழுதத் தேவையில்லை. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 2022 டிசம்பர்க் குளிரில் என் மாமாவின் பொயிலர் பழுதானது. பிப்ரவரியில் புதுசு வந்தது. ஒரு பென்னி கட்டவில்லை. பழுது, கிடைத்தது. அவ்வளவுதான்.

பைப்புக்காரன்
கண்ணன், உங்கள் மாமா பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான பெனிஃபிட்) எடுக்கிறாரா?

ஈஸ்ட்ஹாம்_கண்ணன்
எடுக்கிறார். அதற்கும் இதற்கும் என்ன? பொயிலர் பழுதானதால்தான் கிடைத்தது.

பைப்புக்காரன்
அதற்கும் இதற்கும்தான் எல்லாமே. 19 வருடமாக காஸ் வேலைக்கு வீடு வீடாகப் போகிறவன், காஸ் சேஃப் (காஸ் வேலை செய்பவர்களுக்கான கட்டாயப் பதிவு) அட்டை வைத்திருப்பவன் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் சொல்லும் திட்டம் ஈகோ 4. காசு பெரிய மின், எரிவாயு நிறுவனங்களுடையது. அவர்கள் மேல் அரசு சுமத்திய கடமை அது. சொந்த வீடு என்றால் ஈ.பி.சி. (வீட்டின் ஆற்றல் சிக்கனச் சான்று, ஏ முதல் ஜி வரை) தரம் டி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டில் யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட், ஹவுசிங் பெனிஃபிட் மாதிரி, வருமானம் குறைந்தவர்களுக்கான பெனிஃபிட் ஒன்று வர வேண்டும். இல்லாவிட்டால் கவுன்சில் வழியாக ஒரு கதவு உண்டு. அதில் ஒரு பாதைக்கு வீட்டு மொத்த வருமானம் வருடத்துக்கு 31,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும். இதெல்லாம் இருந்தாலும் அது உரிமை இல்லை. பொயிலரை மட்டும் மாற்றிவிட்டுப் போகவும் முடியாது. டி, ஈ வீடு சி ஆக வேண்டும்; எஃப், ஜி வீடு டி ஆவது ஆக வேண்டும். கூரைக்கும் சுவருக்கும் சூடு வெளியே போகாமல் தடுக்கும் இன்சுலேஷன் போட வேண்டி வரும். இன்ஸ்டாலருக்கு (பூட்டித் தருபவருக்கு) கணக்கு ஒத்துவரவில்லை என்றால் உங்கள் வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

இதில் பழுது எங்கே வருகிறது தெரியுமா? 2005 ஏப்ரலுக்குப் பிறகு இங்கே புதிதாகப் பூட்டிய காஸ் பொயிலர் அநேகமாக எல்லாம் கண்டென்சிங் வகை, அதாவது புகையோடு போகும் சூட்டையும் பிடித்து எரிவாயுவை மிச்சப்படுத்துவது. அப்படி ஒரு நல்ல பொயிலர் பழுதாகி, அதை மாற்றுவது என்றால் நாடு முழுவதற்கும் வருடத்துக்கு 5,000 என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பழைய, கண்டென்சிங் இல்லாத பொயிலர் என்றால் ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றலாம். ஆகவே பழுது தகுதி இல்லை. சில வீடுகளில் பழுதுதான் தடை.

ஈஸ்ட்ஹாம்_கண்ணன்
எவ்வளவு நீளமாக எழுதினாலும் மாமாவின் பொயிலர் பழுது, மாமாவுக்குக் கிடைத்தது.

பைப்புக்காரன்
சரி, அந்தப் பழைய பொயிலருக்குக் கீழே இருந்து வெள்ளை நிறப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று சுவருக்கு வெளியே போனதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள். போயிருந்தால் கண்டென்சிங்; புகை குளிர்ந்து வரும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியேறும். அப்படியென்றால் இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. 2022 டிசம்பர்க் குளிரில் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி அந்தக் குழாய் உறைந்ததுதான். பொயிலர் களக் களக் என்று சத்தம் போடும், பிறகு நின்றுவிடும். கொதிநீர் வேண்டாம், வெதுவெதுப்பான தண்ணீரை வெளிக்குழாயில் ஊற்றி, ரீசெட் பட்டனை அமுக்கினால் ஓடும். அதைப் "பழுது, சரிசெய்ய முடியாது" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஈஸ்ட்ஹாம்_கண்ணன்
என் மாமா பொய் சொல்லிக் கிராண்ட் எடுத்தார் என்கிறீர்களா? வார்த்தையை அளந்து பேசுங்கள்.

பைப்புக்காரன்
மாமாவைச் சொல்லவில்லை. குழாய் இருந்ததா?

கோவை_நித்யா
பழுதே ஆகாத பாய்லரை மாற்றித்தான் எங்களுக்குக் கிராண்ட் கிடைத்தது. அதனால் கண்ணன் சார் சொல்வது தவறு. பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப் (வெளியே இருக்கும் சூட்டை எடுத்து வீட்டுக்குள் தரும் மின் இயந்திரம்) போடுவதற்கான பாய்லர் அப்கிரேட் ஸ்கீம், இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உண்டு. வருமானம் கேட்கவே மாட்டார்கள். 2022 மே மாதம் தொடங்கியபோது ஏர் சோர்ஸ் (காற்றிலிருந்து சூட்டை எடுக்கும்) ஹீட் பம்புக்கு 5,000 பவுண்டு. போன அக்டோபரில் 7,500 ஆக்கினார்கள். நாம் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, எம்.சி.எஸ். தரச்சான்று உள்ள இன்ஸ்டாலரே எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமுக்கு அனுப்பி, பில்லில் கழித்துவிடுவார். எங்கள் ஈ.பி.சி.யில் "லாஃப்ட் இன்சுலேஷன் போடவும்" (கூரைக்கு அடியில் உள்ள இடத்துக்கு) என்று இருந்தது. அதை முடித்துப் புது ஈ.பி.சி. எடுத்த பிறகுதான் வவுச்சர் வந்தது. நானும் கணவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை லாஃப்டில் முட்டி போட்டு இன்சுலேஷன் கம்பளி விரித்தோம், கை முழுக்க அரிப்பு.

ஈஸ்ட்ஹாம்_கண்ணன்
தலைப்பைப் படியுங்கள். பொயிலர் பற்றித்தான் பேச்சு. ஹீட் பம்ப் பற்றி யார் கேட்டது? அது பாய்லரும் இல்லை, பொயிலரும் இல்லை.

கோவை_நித்யா
பாய்லர் என்று எழுதியதைக் கிண்டல் செய்கிறீர்களா? எங்கள் ஊரில் அப்படித்தான் எழுதுவோம். வெந்நீர் பாய்லர் எங்கள் பாட்டி காலத்திலிருந்தே எங்கள் வீட்டில் இருந்தது.

சிவம்72
ஆங்கிலக்காரன் உச்சரிப்புக்குப் பொயிலர்தான் கிட்ட.

கோவை_நித்யா
அப்படியென்றால் ஆங்கிலக்காரனிடமே போய்க் கேளுங்கள். கிராண்ட் விவரம் கேட்டார்களே என்று எழுதினேன், எழுத்துப் பரீட்சைக்கு வரவில்லை.

சிவம்72
கோபப்படாதீர்கள் தங்கச்சி. என் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு ஸ்லவ் நகரில் வாடகைக்கு விட்ட வீடு ஒன்று இருக்கிறது. அங்கே ஹீட்டிங் போய்விட்டது. குடியிருப்பவர் யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிறார். அவர் பெயரில் போட்டால் எனக்குப் பொயிலர் வருமா?

பைப்புக்காரன்
வராது அண்ணை. வாடகை வீட்டில் பழுதான பொயிலரை ஈகோ 4 மாற்றித் தராது. 1985ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, ஹீட்டிங்கையும் சுடுதண்ணியையும் வீட்டுக்காரர்தான் திருத்தி வைத்திருக்க வேண்டும் என்கிறது. முதலில் அந்தக் குடும்பத்துக்கு இரண்டு எலக்ட்ரிக் ஹீட்டராவது கொண்டுபோய்க் கொடுங்கள். எத்தனை நாள் ஆகிறது?

சிவம்72
நான் கேட்டது கிராண்ட் பற்றி. என் குடியிருப்பாளரை நான் பார்த்துக்கொள்வேன். போன வருடம் சோலார் பேச்சிலும் இப்படித்தான் எனக்குப் பாடம் எடுத்தீர்கள். கடைசியில் கூரை ஒழுகியது யாருக்கு?

பைப்புக்காரன்
அந்த ஆளைக் கூப்பிட வேண்டாம் என்று மூன்று தரம் எழுதினேன். மலிவு என்று கூப்பிட்டது நீங்கள். எத்தனை நாளாகக் குளிரில் இருக்கிறார்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

ஈஸ்ட்ஹாம்_கண்ணன்
பார்த்தீர்களா, எல்லோரோடும் இவருக்குச் சண்டை. எல்லாம் தெரிந்தவர் மாதிரி. என் மாமா வீட்டில் பொயிலர் சுவரில் தொங்குகிறது. பழுது, கிடைத்தது.

ஹேரோ_செந்தூரி
நான் ஒன்று கேட்கலாமா? நித்யா சொல்லும் 7,500 எனக்குக் கிடைக்கும் போலத் தெரிகிறது. இன்று ஓர் இன்ஸ்டாலரிடம் கேட்டேன். வீட்டை அளந்து, ரேடியேட்டர் கணக்குப் பார்த்து, வவுச்சர் வந்து, பூட்டி முடிக்க மார்ச் ஆகும் என்கிறார். அதுவரை அம்மாவை எங்கே வைப்பது? காஸ் பொயிலர் என்றால் 2,600 பவுண்டு, வியாழக்கிழமையே பூட்டலாம், ஆனால் கையிலிருந்து. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆறுதலாக மாற்றுகிறவருக்குக் காசு உண்டு. நடு ஜனவரியில் நின்றுபோனவருக்கு இல்லை. இதை ஒருவரும் எழுதவில்லையே.

பைப்புக்காரன்
செந்தூரி, உங்கள் பொயிலரில் வெள்ளைக் குழாய் இருக்கிறதா? வெளியே ஓடும் இடத்தைத் தொட்டுப் பார்த்தீர்களா?

ஹேரோ_செந்தூரி
நின்ற அன்றே பார்த்தாயிற்று. உறையவில்லை. பொயிலருக்குள் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடித்துவிட்டது, சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர். என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

பைப்புக்காரன்
பதில், காஸ் பொயிலரைப் பூட்டுங்கள். கிராண்டுக்காக 74 வயது மனுஷியைக் குளிரில் வைக்காதீர்கள். மூன்று பேரிடம் விலை கேளுங்கள், காஸ் சேஃப் எண்ணைச் சரிபாருங்கள். கண்ணன், நீங்கள் இன்னும் குழாய் பற்றிச் சொல்லவில்லை.

கோவை_நித்யா
இப்போது காஸ் பாய்லர் போட்டால் இன்னும் பதினைந்து வருடம் அதோடுதான். எங்கள் தெருவில் உதிரி ஹீட்டர் இரவல் வாங்கி ஆறு வாரம் சமாளித்தார்கள்.

பைப்புக்காரன்
அந்த ஹீட்டர்களுக்கு வந்த கரண்ட் பில்லை யார் கட்டினார்கள் என்றும் கேட்டு எழுதுங்கள்.

ஈஸ்ட்ஹாம்_கண்ணன்
இதோ, மாமா வீட்டுக்கே போய் எடுத்த படம். வெள்ளைக் குழாய் இருக்கிறது. நல்ல பொயிலர்தான், பழுதானது, கிடைத்தது. இனியாவது வாயை மூடுங்கள்.

பைப்புக்காரன்
இது புதுப் பொயிலர். பூட்டிய தேதி மூடியிலேயே ஒட்டியிருக்கிறது, பிப்ரவரி 2023. நான் கேட்டது பழையதை.

ஈஸ்ட்ஹாம்_கண்ணன்
பழையதை அவர்களே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதிலும் குழாய் இருந்தது என்று மாமி சொல்கிறார்.

பைப்புக்காரன்
மாமி சொல்கிறாரா, பார்த்தாரா?