பக்கத்து வீட்டுப் பாட்டியும் 'விவிஸ்' விகுதியும்

ஸ்பானிஷ் வினைச்சொல்லோடு மல்லுக்கட்டியவர்கள் வந்து சொல்லுங்கள். முதலில் என் கதை.

மாட்ரிட் வந்து மூன்றாவது வாரம். வகுப்பில் 'விவிர்' நடத்தியிருந்தார்கள். வாழ்வது, குடியிருப்பது என்று பொருள். கடைசி 'இர்' போய்விடும், அந்த இடத்தில் விகுதி வரும்: விவோ, விவெஸ், விவெ, விவிமோஸ், விவிஸ், விவென். இருக்கிறேன், இருக்கிறாய் மாதிரியேதான். ஆள் யாரென்று விகுதியே காட்டிக்கொடுப்பதால் 'யோ' (நான்) என்று வாய்க்கு வாய் சொல்ல வேண்டியதில்லை. தமிழனுக்கு இதெல்லாம் அல்வா என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று மாலை மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பாட்டி. எண்பது வயதிருக்கும். எந்த மாடி என்று கேட்க ஆசை. பெரியவர்களை ஒருமையில் கேட்கலாமா? 'நீங்கள்' பன்மைதானே என்று பன்மை விகுதியைப் போட்டு, "என் கே பிஸோ விவிஸ்?" என்றேன். பாட்டி திரும்பி, தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார். அப்புறம், "விவோ சோலா, இஹோ" என்றார். நான் தனியாகத்தான் இருக்கிறேன், மகனே.

'விவிஸ்' என்றால் 'நீங்கள் எல்லாரும்'. அதுவும் சிநேகிதர்களிடம் பேசுவது. ஒரே ஆளுக்கு மரியாதை வேண்டுமென்றால் 'உஸ்தெத் விவெ'. அவன், அவள் இருவருக்கும் வரும் அதே 'விவெ'! மரியாதைக்குப் போய் 'இருக்கிறாள்' விகுதியா என்று மனசு ஒப்பவே இல்லை. 'வுயெஸ்த்ரா மெர்செத்' என்ற பழைய மரியாதை விளி தேய்ந்துதான் 'உஸ்தெத்' ஆனது என்று ஆசிரியை சொன்னதும் புரிந்தது. 'தங்கள் மேன்மை எங்கே குடியிருக்கிறது?' என்று கேட்பது போல. மேன்மைக்குப் படர்க்கைதானே வரும்.

*

நான் மெக்சிகோ சிட்டி. ஸ்பெயின் புத்தகத்தில் 'அப்லாய்ஸ்' (பேசுகிறீர்கள்), 'கொமேய்ஸ்' (சாப்பிடுகிறீர்கள்) எல்லாம் உருப்போட்டு வந்தேன். இங்கே ஒருவர் வாயிலும் அது வரவில்லை. இரண்டு பேரானாலும் இருபது பேரானாலும் 'உஸ்தெத்'தின் பன்மையான 'உஸ்தெதெஸ்'தான். விகுதி 'அவர்கள்' விகுதி: அப்லான், கோமென். ஆறு விகுதியில் ஒன்றைப் படிக்கும் வேலை மிச்சம். வேலையிடத்தில் ஒருமுறை 'அப்லாய்ஸ்' என்றதற்கு, பழைய பைபிளைத் திறந்த மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள்.

ஒரு வேடிக்கை: நீங்கள் பாட்டியிடம் கேட்ட அதே 'விவிஸ்' பியூனஸ் ஐரிஸில் ஒற்றை ஆளுக்குத்தான். அங்கே 'து'வுக்கு (நீ) பதில் 'வோஸ்'. வோஸ் அப்லாஸ், வோஸ் விவிஸ். அழுத்தம் கடைசி அசையில். ஆனால் அதுவும் 'நீ'தான், பாட்டிக்கு ஆகாது.

*

அழுத்தம் என்றதும் என் வயிறு எரிகிறது. வலென்சியாவில் நாலு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். கரண்ட் பில் கட்டியாயிற்றா என்று வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் கேட்டார். கட்டியது அறைத் தோழர். 'பகோ லா லூஸ்', அதாவது 'அவர் கட்டிவிட்டார்' என்று எழுத வேண்டும். கடைசி 'ஓ' மேல் வரும் கோட்டைப் போடச் சோம்பல். கோடு இல்லாவிட்டால் அது 'பாகோ', 'நான் கட்டுகிறேன்'. அடுத்த பில்லைத் தனியாக எனக்கே அனுப்பிவைத்தார் மனிதர்!

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒன்று: நிகழ்காலத்தில் 'எர்' என்று முடியும் வினை, 'இர்' என்று முடியும் வினை இரண்டையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். கொமேமோஸ் – விவிமோஸ், கொமேய்ஸ் – விவிஸ், இந்த இரண்டு இடத்தில்தான் வேறுபாடு. மிச்சம் நாலும் ஒன்றே.

*

இது முன்னாலேயே தெரிந்திருந்தால் எனக்குப் பாதி நாள் மிச்சம்.

பாட்டி கதையின் மீதி: இப்போது சரியாக 'உஸ்தெத் விவெ' என்று பேசுகிறேன். போன வாரம் கையைப் பிடித்துக்கொண்டு, உஸ்தெத் வேண்டாம், கிழவியாகிவிட்ட மாதிரி இருக்கிறது, 'து' என்றே சொல் என்றார். எண்பது வயதுக்காரரிடம் 'விவெஸ்' என்று சொல்ல நாக்கு இன்னும் திரும்பவில்லை. வீடியோ காலில் கேட்டுக்கொண்டிருந்த என் அம்மாவுக்கு நல்லவேளை ஸ்பானிஷ் தெரியாது.